கணக்கில் வராத ஷிப்டு

பெங்களூர் ஆர்.வி. சாலையிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்லும் மஞ்சள் தட மெட்ரோ ரெயில் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கிலோ மீட்டர் தூரம், 16 நிலையங்கள். சில்க் போர்டு சந்திப்பில் பஸ்சுக்குள் நின்றே பாதி ஆயுளைக் கழித்த நம்மவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஓசூர் சாலையில் கரைந்துபோன நேரத்தில் ஒரு பகுதியாவது இனி வீட்டுக்குக் கிடைக்கும்.

அப்படிக் கிடைக்கும் நேரம் வீட்டில் யாருக்குப் போய்ச் சேருகிறது? கணவனும் மனைவியும் ஒரே ரெயிலில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கதவைத் திறந்ததும் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு செல்போனுடன் அமர்கிறார். மனைவி கைப்பையை வைத்துவிட்டு அரிசி களையப் போகிறார். ஒருவருக்கு அன்றைய வேலை முடிந்துவிட்டது. மற்றவருக்கு அடுத்த ஷிப்டு தொடங்குகிறது. இந்த ஷிப்டுக்கு வருகைப் பதிவேடு கிடையாது, ஓவர்டைம் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது.

இதைக் குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறைத் தகராறு என்று ஒதுக்கிவிடலாகாது. ஊர் விட்டு ஊர் வந்து, இரண்டு சம்பளம் இல்லாமல் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியாத குடும்பங்களுக்கு இது பிழைப்பைப் பற்றிய பிரச்சினை. வீட்டு வேலையின் பாரம் தாங்காமல் மனைவி வேலையை விட்டுவிட்டால், ஊருக்கு அனுப்பும் பணம் நிற்கிறது, சீட்டு நிற்கிறது, கடன் மட்டும் நிற்பதில்லை.

புள்ளிவிவரம் கூறுவது என்ன?

மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று 2019-ம் ஆண்டிலும் 2024-ம் ஆண்டிலும் நாடு தழுவிய ஆய்வு நடத்தியது. 2024-ம் ஆண்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.5 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் ஈடுபடுவோர் 27.1 சதவீதம் பேர் மட்டுமே. ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் உழைக்கிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம் உழைக்கிறார்.

இந்த 88 நிமிடம் என்பது வீட்டு வேலையைத் தொடும் சில ஆண்களின் சராசரி. தொடாதவர்களையும் சேர்த்து எல்லா ஆண்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு 24 நிமிடம்தான் வருகிறது. அதே முறையில் பெண்களுக்குக் கணக்கிட்டால் 235 நிமிடம். ஏறத்தாழ ஒன்றுக்குப் பத்து என்ற விகிதம். குழந்தைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலை இதில் சேராது. அது தனிக் கணக்கு. அதிலும் 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் ஈடுபட, ஆண்களில் 21.4 சதவீதம் பேரே ஈடுபடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. இந்த ஐந்து ஆண்டுகளில் வருமானம் தரும் வேலைகளில் ஈடுபடும் 15 முதல் 59 வயதுப் பெண்களின் விகிதம் 21.8 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. அப்படியானால் வீட்டில் ஆண்களின் பங்கு கூடியிருக்க வேண்டுமல்லவா? வீட்டு வேலையைத் தொடும் ஆண்களின் விகிதம் 26.1-லிருந்து 27.1 ஆயிற்று, ஆனால் அவர்கள் செலவிடும் நேரம் 97 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது. பெண் சம்பாத்தியத்தில் பங்கு கொள்ளத் தொடங்கிய வேகத்தில், ஆண் சமையலறையில் பங்கு கொள்ளவில்லை.

ஊரில் இருந்த கைகள்

இந்தப் பாரம் நாடு முழுவதற்கும் பொதுவானதுதான். ஆயினும் புலம்பெயர்ந்து வந்த குடும்பத்தில் அது இன்னும் கடுமையாக விழுகிறது. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, எலெக்ட்ரானிக் சிட்டி உருவான விதத்தைச் சிறிது பார்க்க வேண்டும்.

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ம் ஆண்டில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இந்தத் தொழில் நகரை அமைத்தது. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆர்.கே. பாலிகாவின் கனவு அது என்பார்கள். மின்னணுத் தொழிற்சாலைகளுக்காக ஏற்பட்ட இடம் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் மென்பொருளுக்குப் பெயர் பெற்றது. அதைச் சுற்றி ஹெப்பகோடியிலும் பொம்மசந்திராவிலும் ஆலைகள்; ஓசூர் சாலை நெடுக ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். அத்திபெலே எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே குமாஸ்தாவாகவும் காவலாளியாகவும் தையல் எந்திரத்தின் முன்னும் கம்ப்யூட்டர் முன்னும் அமர்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் பிறந்த ஊரில் வீட்டு வேலை எப்படி நடந்தது? மருமகள் சமைத்தால் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நாத்தனார் பாத்திரம் துலக்கினார். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காள் வந்து நின்றார். அந்த ஏற்பாடு நியாயமானது என்று சொல்வதற்கில்லை. ஆண்கள் அன்றும் திண்ணையில்தான் இருந்தார்கள். ஆனால் ஒருத்தி மேல் விழ வேண்டிய சுமையை நான்கு பெண்கள் பிரித்துச் சுமந்தார்கள். அதனால் சுமையின் கனம் வெளியே தெரியவில்லை.

தொட்டதோகூருவில் ஒரே அறையும் சிறு சமையலறையும் கொண்ட வாடகை வீட்டுக்கு வந்ததும் அந்த நான்கு ஜோடிக் கைகளும் போய்விட்டன. வேலை மட்டும் குறையவில்லை. கூடியிருக்கிறது என்றே சொல்லலாம். விடியற்காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். பள்ளி வேனுக்குக் குழந்தையைத் தயார் செய்ய வேண்டும். தண்ணீர் வரும் நேரம் பார்த்து நிரப்ப வேண்டும். 2024-ம் ஆண்டு கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு பெங்களூர் தவித்தபோது, டேங்கர் லாரிக்குக் குடத்துடன் காத்திருந்தவர்களில் யார் அதிகம் என்பதை அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே ஊரில் மாமியாரும் நாத்தனாரும் செய்த வேலையை இங்கே செய்யக்கூடிய வளர்ந்த மனிதர் வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கணவர்.

அறையில் சமைத்தவர் வீட்டில் மறந்தது ஏன்?

'ஆண்களுக்கு வீட்டு வேலை வராது' என்று சொல்லப்படுவதுண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்போர் இதை நம்ப வேண்டியதில்லை. கலியாணத்துக்கு முன் நான்கு பேர், ஆறு பேர் என்று சேர்ந்து அறை எடுத்துத் தங்கிய இளைஞர்கள் இங்கே ஏராளம். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாததால் அவர்களே சமைத்தார்கள். திங்கட்கிழமை ஒருவர் குழம்பு வைத்தால் மறுநாள் இன்னொருவர். ஒருவர் காய்கறி வாங்கினால் மற்றவர் பாத்திரம் கழுவினார். இரவு ஷிப்டு செல்பவருக்குக் காலை முறை கிடையாது. முறை தவறியவர் மற்றவர்களிடம் வசவு வாங்கினார். எழுதாத சட்டம்தான், ஆனாலும் நடந்தது.

அதே இளைஞருக்குக் கலியாணமாகித் தனிக்குடித்தனம் வந்ததும் ரசம் வைக்கத் தெரியாமல் போய்விடுகிறது. கைத்திறன் ஒரே இரவில் மறந்துவிடாது. மறந்துபோவது அந்த முறைதான். நண்பர்களுக்குள் இருந்த சமத்துவத்தைக் கணவன் மனைவிக்குள் கொண்டுவர மனம் ஒப்புவதில்லை. ஊரிலிருந்து தாயார் வந்திருக்கும் நாளில் பையன் பாத்திரம் கழுவினால், 'இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?' என்று அவர் கண்கலங்குவார் என்ற தயக்கமும் இருக்கிறது. துணி காயப்போடுவதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் கேலி செய்வார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. இவை அற்பமான காரணங்கள் அன்று. ஆனால் இவற்றுக்காக ஒரு பெண் நாள்தோறும் ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு வேலைக்குப் போக வேண்டுமா என்பதே கேள்வி.

ஆண்கள் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. ஆலையில் நின்றே வேலை செய்பவரும், இரவு முழுவதும் கண்விழித்துக் காவல் காப்பவரும் உண்மையிலேயே களைத்துத்தான் வருகிறார்கள். மின்கட்டணம், காஸ் சிலிண்டர், வண்டி பழுது, ஊருக்குப் பணம் அனுப்புவது, கடன்காரருக்குப் பதில் சொல்வது ஆகியவை பெரும்பாலும் அவர்கள் தலையில் விழுகின்றன. இதை மறுக்க வேண்டாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மின்கட்டணம் இரண்டு நாள் தள்ளிப் போகலாம். குழந்தையின் பசி இரண்டு மணி நேரம்கூடத் தள்ளிப் போகாது. தள்ளிப் போட முடியாத வேலைகள் அனைத்தும் பெண்ணிடம் சேர்ந்திருக்கின்றன.

எழுபது மணி நேரம் யார் தயவில்?

2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்போசிஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, நாட்டின் முன்னேற்றத்துக்காக இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கூறினார். 2025-ம் ஆண்டு ஜனவரியில் எல் அண்டு டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்ற பொருளிலும் அவர் பேசியது நாடெங்கும் சர்ச்சையைக் கிளப்பியது.

வாரத்துக்கு 70 மணி என்றால், ஆறு நாள் வேலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம். போக வர இரண்டு மணி நேரமாவது ஆகும். இப்படி உழைப்பவர் உண்ணும் சோற்றை ஆக்குவது யார்? உடுத்தும் துணியைத் துவைப்பது யார்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து கொடுப்பது யார்? வீட்டில் ஒருவர் முழுநேரமும் இதற்கென்றே இருந்தாலன்றி அந்த 70 மணி நேரம் நடவாது. கம்பெனி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து இருவர் உழைப்பைப் பெறுகிறது. கணவன், மனைவி இருவரையும் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னால், குடும்பம் என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

சம்பளம் அதிகமுள்ள குடும்பங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வேலைக்குச் செல்வோரில் நம் தமிழ்ப் பெண்களும் உண்டு. வீட்டு வேலைத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2004-ம் ஆண்டிலேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம் என்பது பாராட்டுக்குரியது. ஆனால் நடப்பதை நேராகப் பார்த்தால், அந்த வீட்டு ஆண் செய்யாத பங்கை இன்னொரு பெண் கூலிக்குச் செய்கிறார். நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கிய பின் தன் வீட்டுக்குத் திரும்பி ஐந்தாவது வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குகிறார். அங்கே அவருக்குக் கூலி கிடையாது.

இந்தச் சோர்வு பெண்ணை வேலையிலிருந்தே வெளியே தள்ளுகிறது. 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். இரண்டே நாளில் மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கோபத்தின் காரணம் எளிது. ஆலை வேலையையும் வீட்டு வேலையையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு 58 வயது என்பது எட்டாத தொலைவு. இடையில் வேலையை விட நேரும்போது கையில் வரும் மொத்தப் பணம் அதுதான்.

நீதிமன்றமும் அரசுகளும்

வீட்டு வேலையும் உழைப்புதான் என்பதை நாட்டின் நீதிமன்றங்கள் படிப்படியாக ஏற்று வந்திருக்கின்றன. 2001-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் ஆகியோருடன் சேர்த்து உழைக்காதோர் பட்டியலில் வைத்ததை 2010-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2021-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் ஒரு வருமானத்தைக் கணித்தே இழப்பீடு தர வேண்டும் என்று நீதிபதி என்.வி. ரமணா உள்ளிட்டோர் அடங்கிய பெஞ்ச் கூறியது.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வெளியூர் வாழ் தமிழர்கள் அறிய வேண்டிய ஒன்று. கணவர் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்து யாருடையது என்று பின்னர் வழக்கு எழுந்தது. மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது. எனவே சொத்து சேர்ந்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்து, வழக்கில் கண்ட சில சொத்துகளில் மனைவிக்குப் பாதி உரிமை வழங்கினார். 'சம்பாதித்தது நான்தானே' என்ற பேச்சுக்குச் சட்டம் தந்த பதில் இது.

அரசுகளும் பணமாக அங்கீகாரம் தர முன்வந்தன. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி கர்நாடகத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ.2,000 வழங்கும் கிருக லட்சுமி திட்டமும், செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் மாதம் ரூ.1,000 வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமும் தொடங்கின. இதற்கு 'உதவி' என்று பெயரிடாமல் 'உரிமை' என்று பெயரிட்டது தமிழக அரசின் நல்ல முடிவு. ஆயினும் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 235 நிமிடம் என்றால் மாதத்துக்கு 117 மணி நேரம். ஆயிரம் ரூபாயை இதனால் வகுத்தால் மணிக்கு எட்டரை ரூபாய்; இரண்டாயிரம் என்றால் பதினேழு ரூபாய். இந்தப் பணம் வேலைக்குக் கூலியாகாது. அதைக் காட்டி, 'உனக்குத்தான் அரசாங்கம் பணம் தருகிறதே' என்று வேலை முழுவதையும் பெண்ணிடமே தள்ளிவிட்டால், திட்டத்தின் நோக்கமே தலைகீழாகிவிடும்.

வேலையின் அளவையே குறைக்கும் திட்டங்கள் இதைவிடப் பயன் தருபவை. 2022-ம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம், காலை நேரத்து அடுப்படி அவசரத்தில் ஒரு பகுதியைச் சமுதாயத்தின் பொறுப்பாக மாற்றியது. தொழிற்பேட்டைகளுக்கும் இத்தகைய ஏற்பாடுகள் தேவை.

இந்த இடத்தில் சட்டத்தின் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட வேண்டும். 2017-ம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு அளித்தது. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நல்லதே. ஆனால் நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று குழந்தையைப் பார்க்கும் உரிமையைத் தாய்க்கு மட்டுமே அது குறித்தது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் ஆலையில் வேலை செய்யும் தந்தைக்கு அத்தகைய விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. குழந்தை தாயின் பொறுப்பு என்று சட்டமே நினைத்தால், தந்தையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வைக் கேட்கும் பட்டியலில் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒத்தாசையா, பொறுப்பா?

ஐஸ்லாந்து என்ற சிறு நாட்டில் 1975-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். பல தந்தையர் குழந்தைகளை அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறு ஆண்டே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் அங்கே நிறைவேறியது. செய்யும்வரை கண்ணில் படாத வேலை, செய்யாமல் விட்டபோதுதான் தெரிந்தது.

நம் குடும்பங்களில் வேலைநிறுத்தம் தேவையில்லை. பேச்சு வார்த்தை போதும். ஆனால் அந்தப் பேச்சு சரியான இடத்தில் தொடங்க வேண்டும். 'நான் மனைவிக்கு ஒத்தாசை செய்கிறேன்' என்று பெருமையாகச் சொல்லும் ஆண்கள் இப்போது பெருகி வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒத்தாசை என்ற சொல்லிலேயே, வேலை அவளுடையது, நான் கைகொடுக்கிறேன் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஒத்தாசை செய்பவருக்குச் சொல்ல வேண்டும்; நினைவூட்ட வேண்டும்; பிறகு நன்றியும் கூற வேண்டும். எண்ணெய் தீர்ந்துவிட்டதா, குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது, நாளைக்கு என்ன குழம்பு என்று நினைத்துக்கொண்டே இருக்கும் வேலை பெண்ணிடமே தங்கிவிடுகிறது. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஏற்றுக்கொள்வதுதான் பொறுப்பு. காலைச் சிற்றுண்டி கணவருடையது என்றால், முந்தைய இரவே மாவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடையதே.

இதற்குப் புதிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. கலியாணத்துக்கு முன் அறையில் கடைப்பிடித்த முறையே போதும். யார் எந்த ஷிப்டு என்பதைப் பார்த்து, வாரத்துக்கு ஒரு முறை வேலைகளைப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் வீடு வந்து சேருபவர் அடுப்பைப் பற்ற வைக்கட்டும். இரவு ஷிப்டு முடித்து வருபவர், ஆணானாலும் பெண்ணானாலும், தூங்கட்டும். வீட்டில் பையன் இருந்தால் அவனுக்கும் ஒரு முறை இருக்கட்டும். பெண் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது அவளை மட்டும் எழுப்பித் தண்ணீர் பிடிக்கச் சொல்லும் வழக்கம் போகட்டும். ஊரிலிருந்து தாயார் வந்தாலும் முறை மாற வேண்டாம். முதல் நாள் அவர் வருந்துவார்; மருமகளின் சம்பளத்தில்தான் தமக்குக் கண் அறுவை சிகிச்சை நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

மாதம் பிறந்ததும் வாடகை எவ்வளவு, சீட்டு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடாத வீடு நம்மில் அரிது. இரண்டு பேர் சம்பளமும் அந்தக் கணக்கில் வருகிறது. இரண்டு பேர் உழைப்பு நேரமும் அதே காகிதத்தில் வர வேண்டும்.